கஸ்தூரி வைத்த தக்காளி

தக்காளிச் செடிக்குத் தினமும் முகம் துடைத்துவிட்ட வீடு ஊரிலேயே எங்கள் வீடு ஒன்றாகத்தான் இருக்கும்.

காலை ஆறரை மணி. திருவொற்றியூரில் எங்கள் வீட்டு மொட்டை மாடி. என் ஒரு கையில் தண்ணீர்க் கிண்ணம், இன்னொரு கையில் பழைய உள்பாவாடையைக் கிழித்த துணி. எதிரே என் ஓர்ப்படி கஸ்தூரி, அதாவது என் வீட்டுக்காரரின் தம்பி மனைவி. ஒரு இலையை உள்ளங்கையில் ஏந்துவாள். மேலே ஒரு துடைப்பு, அடியில் ஒரு துடைப்பு. அப்புறம் அடுத்த இலை. நான்கு இலைக்குள் துணி கறுத்துவிடும். கிண்ணத்தில் அலசுவோம், தண்ணீரும் கறுத்துவிடும்.

"அமுக்கித் தேய்க்காதக்கா. ஸ்டாம்ப் குத்துற கையெல்லாம் ஆபீஸோட வச்சிக்க. இது பச்சப் புள்ள" என்பாள்.

அப்போது நான் தபால் நிலையத்தில் கவுண்ட்டர் வேலையில் இருந்தேன். எனக்குப் பதினைந்து வருஷம் இளையவளிடம் தினமும் காலையில் திட்டு வாங்கிக்கொண்டுதான் வேலைக்குப் போவேன்.

எங்கள் பக்கம் மாடியில் எதை வைத்தாலும் இரண்டு நாளில் அதன்மேல் கறுப்பாக ஒரு படிவு உட்கார்ந்துவிடும். காயப்போட்ட வேட்டி, வடகம், தண்ணீர்த் தொட்டி மூடி, எதுவும் தப்பாது. நிலக்கரியா, சாம்பலா, லாரிப் புகையா என்று நாங்கள் ஆராய்ச்சி செய்வதில்லை. விரலால் தொட்டுப் பார்ப்போம், துடைப்போம், அடுத்த வேலையைப் பார்ப்போம்.

போன வாரம் நான் எழுதிய தபால் மூட்டைக் கதையைப் படித்துவிட்டு ஒரு வாசகர் கேட்டிருக்கிறார்: அம்மா, உங்கள் வடசென்னையில் பச்சை என்று எதுவாவது கண்ணில் படுமா என்று. சுருக்கென்று கோபம் வந்தது. நாலு வார்த்தை சூடாக எழுதலாம் என்று உட்கார்ந்தேன். உட்கார்ந்ததும் கஸ்தூரி ஞாபகம் வந்துவிட்டது.

இத்தனை வாரங்களில் அவளைப் பற்றி நான் ஒரு வரிகூட எழுதவில்லை. மறந்துபோய் அல்ல. அவளைப் பற்றி எழுத எனக்கு யோக்கியதை இல்லை என்று இந்த மாசி வரை நினைத்துக்கொண்டிருந்தேன்.

வசந்தமாம்

பள்ளிக்கூடத்தில் இளவேனில் என்று படித்தோம். எங்கள் தெருவில் அதை யாரும் பார்த்ததில்லை. மழை, தெருவில் முழங்கால் தண்ணீர், அது வடிந்து சுவர் காய்வதற்குள் பொங்கல். தையிலிருந்து பங்குனி வரை வெயில் கொஞ்சம் மரியாதையாக இருக்கும். சித்திரை வந்தால் மரியாதை போய்விடும். செடி வைக்கிறவர்களுக்குக் கிடைப்பது அந்த நடுவில் உள்ள காலம்தான். அதை வசந்தம் என்று வேண்டுமானால் சொல்லிக்கொள்ளுங்கள்.

நான் பிறந்தது சடையங்குப்பம். மழை பெய்தால் தண்ணீர் முதலில் வருவது அங்கே, கடைசியாகப் போவதும் அங்கிருந்துதான். ஒரு வருஷம் என் அம்மா வீட்டுக்குப் பின்னால் அவரைப் பந்தல் போட்டாள். பிஞ்சு விட்ட வாரம் வெள்ளம் வந்தது. கழுத்தளவு தண்ணீர் வரப்போகிறது, படகோடு வந்தவர்கள் ஏறு ஏறு என்று கத்துகிறார்கள், அம்மா எக்கி எக்கி அவரைப் பிஞ்சைப் பறித்து மடியில் போட்டுக்கொண்டிருந்தாள். திட்டி இழுத்துத்தான் ஏற்றினார்கள்.

எனக்கும் செடிகொடிக்கும் ஒத்துவராது என்று அன்றைக்கே தீர்மானித்துவிட்டேன். கல்யாணமாகி இந்த வீட்டுக்கு வந்து பல வருஷம் ஒரு துளசிகூட வைக்கவில்லை.

கஸ்தூரி புளியந்தோப்பு அடுக்குமாடிக் குடியிருப்பில் பிறந்து வளர்ந்தவள். மூன்றாவது மாடி, ஒன்றரை அறை, ஆறு பேர். கால் வைக்க மண் கிடையாது. வராந்தாக் கம்பியில் பெயிண்ட் வாளியைக் கட்டித் தொங்கவிட்டு அதில் மிளகாய் காய்க்க வைத்தவள் அவள்.

கல்யாணமாகி வந்த நாலாம் நாள் மாடிக்கு ஏறிப் பார்த்துவிட்டு இடுப்பில் கை வைத்தாள்.

"இன்னாக்கா நீ, இம்மாம் பெரிய மாடிய வச்சிக்கினு துணி மட்டுமா காயப் போட்ற?"

"வேற இன்னா பண்ணச் சொல்ற?"

"எங்க வூட்ல இத்தினி எடம் இருந்தா நான் கல்யாணமே கட்டிக்கினு இருக்க மாட்டேன்."

அன்று சிரிக்க ஆரம்பித்தேன். எட்டு வருஷம் சிரித்தேன். கீழே நாங்கள், மேலே அவர்கள். அடுப்பு இரண்டு, குழம்பு ஒன்று. எனக்கு அக்கா தங்கை கிடையாது. ஒரே பையன், அவனும் படிப்பு முடித்துப் பெங்களூருக்குப் போய்விட்டான். ஓர்ப்படி என்றால் சண்டைக்கென்றே வந்தவள் என்று தெருவில் சொல்வார்கள். எங்களுக்குள்ளும் சண்டை வரும். புளி கரைப்பதில் வரும், டிவி சத்தத்தில் வரும். ராத்திரி சாப்பாட்டுக்குள் தீர்ந்துவிடும்.

சாத்தாங்காட்டு டிரம்

என் வீட்டுக்காரர் ஏகாம்பரத்துக்குச் சாத்தாங்காடு இரும்பு மார்க்கெட்டில் வேலை. தகடு வெட்டுகிற மெஷின் ஆபரேட்டர். கஸ்தூரி தொட்டி கேட்டதும் அவர் நீல பிளாஸ்டிக் டிரம்களைக் குறுக்கே அறுத்து, ஏழு அரை டிரம்களை மீன்பாடி வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்து இறக்கினார்.

"எண்ணெய் வந்த டிரம்மு தொடவே இல்ல. இது பூரா சோப்பு வந்தது. வேணும்னா மோந்து பாரு" என்றார்.

மெய்தான். முதல் ஒரு மாதம் தண்ணீர் ஊற்றும்போதெல்லாம் அடியிலிருந்து நுரை வந்தது.

செம்மண் செங்குன்றம் பக்கத்திலிருந்து மூட்டையில் வந்தது. தண்ணீர்தான் பெரிய பேஜாரு. எங்கள் போர் தண்ணீரில் உப்பு. எங்கள் பக்கத்தில் யாரும் தண்ணீரைப் பார்த்து முடிவு செய்ய மாட்டார்கள், நாக்கில் வைத்துத்தான் முடிவு செய்வார்கள். இது குடிக்க, இது சோறு வடிக்க, இது பாத்திரத்துக்கு. கஸ்தூரி செடிக்கும் அப்படியே செய்தாள். லாரித் தண்ணீரில் குடித்தது போக மிச்சம், அரிசி கழுவியது, பருப்பு கழுவியது என்று ஒவ்வொன்றையும் நாக்கில் வைத்துப் பார்த்த பிறகுதான் செடிக்கு ஊற்றுவாள்.

வெண்டை வந்தது. கத்தரி வந்தது. மிளகாய் தெருவுக்கே கொடுக்கிற அளவுக்கு வந்தது. தக்காளி மட்டும் வரவில்லை. செடி தளதளவென்று வரும், மஞ்சளாகப் பூ விடும், பூ காம்போடு கொட்டிவிடும். இரண்டு வருஷம் இப்படியே ஆயிற்று. அவள் விடுகிற ரகமில்லை.

பந்தயம்

அவர்களுடைய பெண் தீபிகாவுக்கு அப்போது ஏழு வயது. இரண்டாம் வகுப்பு. தீபு தீபு என்று என் வாய் ஓயாது. அவளுக்கு நான் பெரிம்மா. பிறந்ததிலிருந்தே அவளுக்கு வீசிங். சுற்றியுள்ள ஆலைகளின் கேஸ் நாற்றம் காற்றில் வருகிற நாட்களில் ஜன்னலை எல்லாம் சாத்திவிட்டு அவளை மடியில் உட்கார வைத்துக்கொள்வோம். நெஞ்சில் காது வைத்தால் உள்ளே விசில் அடிக்கிற சத்தம் கேட்கும்.

என் கொழுந்தன் சேகருக்கு ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஒரு கம்பெனியில் வேலை. திருநின்றவூரில் வாடகைக்கு வீடு பார்த்துப் போய்விட வேண்டும் என்பது அவன் எண்ணம். அங்கே காற்று நன்றாக இருக்கிறது, வைகாசியில் பள்ளிக்கூடச் சேர்க்கை, இப்போதே எழுதிப் போட வேண்டும் என்று நச்சரித்துக்கொண்டிருந்தான். கஸ்தூரி அசையவில்லை.

தை மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாடியில் வாக்குவாதம் வந்தது. கஸ்தூரி ஏழு டிரம்மிலும் தக்காளி நாற்றே நட்டுக்கொண்டிருந்தாள்.

"அண்ணி, நீங்களே சொல்லுங்க" என்றான் சேகர். "வெண்டக்கா கல்லுலகூட வெளையும். இந்தத் தக்காளி பூ வுட்டு வுட்டுக் கொட்டிக்கினே கீது. ஒரு செடிக்கே இங்க மூச்சு வுட முடில. எம் பொண்ணு எப்டி வுடும்?"

"காய்ச்சிக் காட்டுனா இன்னா பண்ணுவ?" என்றாள் கஸ்தூரி, தலையைத் தூக்காமல்.

"காய்ச்சா பத்தாது, பழுக்கணும். ஸ்கூல் தொறக்கறதுக்குள்ள ஒண்ணே ஒண்ணு, செவப்பா என் கைல குடு. நான் வாயே தொறக்கல. இங்கயே இருந்துடலாம்."

"பேச்சு மாற மாட்டியே?"

"அண்ணிதான் சாட்சி."

விளையாட்டுப் பேச்சு மாதிரித்தான் ஆரம்பித்தது. ஆனால் அன்று சாயங்காலம் கஸ்தூரி என்னிடம் வந்து, "மெய்யாலுமே பழுக்க வெக்கணும்க்கா. நான் எங்கியும் போ மாட்டேன். உன்ன வுட்டுட்டு அந்த ஊர்ல போய் யாராண்ட பேசுவேன்?" என்றாள். அந்த வார்த்தையை நான் எங்கே வைத்துக்கொண்டேன் என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை.

அந்தத் தையிலிருந்துதான் முகம் துடைப்பது ஆரம்பமானது. தூசு படிந்த இலை மூச்சு விடாது, அதனால்தான் பூ கொட்டுகிறது என்பது அவள் கணக்கு. சரியோ தப்போ, ஏழு டிரம்முக்கும் துடைத்தோம். பூ வந்ததும், காய் பிடிக்கட்டும் என்று தீபு தன் பெயிண்ட் பிரஷ்ஷால் ஒவ்வொரு பூவையும் மெல்லத் தட்டிவிடுவாள். பத்து மணிக்கு மேல் என் பழைய நைலக்ஸ் புடவையைக் கட்டி நிழல் போடுவோம்.

மாசி கடைசியில் ஒரு பூ கொட்டாமல் நின்றது. காம்பில் மிளகு அளவு பச்சையாக ஒன்று உருண்டிருந்தது. கஸ்தூரி என்னைக் கூப்பிட்டுக் காட்டினாள். வாயைப் பொத்திக்கொண்டு காட்டினாள், பேசினால் விழுந்துவிடும் என்று பயம்.

பங்குனி முடிவதற்குள் பதினோரு காய். ஆபீசுக்குப் போகும்முன் ஒரு தடவை எண்ணுவேன், வந்து புடவை மாற்றாமல் ஒரு தடவை எண்ணுவேன். எண்ணி முடித்தால்தான் காபி இறங்கும். மூன்றாவது டிரம்மில் இருந்த பெரிய காய் சித்திரை பிறந்ததும் பச்சை வெளுத்து, அடியில் லேசாக மஞ்சள் காட்டியது. சேகர் வந்து பார்த்துவிட்டுத் தலையைச் சொறிந்துகொண்டே கீழே போனான். எனக்கு விசில் அடிக்க வேண்டும் போல இருந்தது.

அஞ்சலையின் பக்கெட்

எங்கள் தெருமுனையில் மீன் விற்பவள் அஞ்சலை. காசிமேட்டில் ஏலம் எடுத்து வந்து விற்பாள். மீன் கழுவிய தண்ணீரை எங்கள் பக்கம் யாரும் கீழே கொட்ட விடமாட்டோம், செடிக்கு அதைவிட நல்ல உரம் கிடையாது. முருங்கைக்கு, மல்லிகைக்கு, எல்லாவற்றுக்கும் அதுதான். அவரவர் பக்கெட்டை அவள் கடைக்குப் பின்னால் வைத்துவிட்டு வருவோம். சாயங்காலம் போய் எடுத்துக்கொள்வோம். என்னுடையது மூடி போன பச்சை பக்கெட். ஒரு பங்கு மீன் தண்ணீருக்குப் பத்துப் பங்கு நல்ல தண்ணீர் கலந்து ஊற்ற வேண்டும் என்பது கஸ்தூரியின் சட்டம்.

அன்று நான் வேலையிலிருந்து வந்தபோது தீபு கட்டிலில் படுத்திருந்தாள். கஸ்தூரி பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள்.

"இன்னாடி, முகம் ஒரு மாதிரி கீது?"

"ஒண்ணியும் இல்லக்கா. ஸ்கூல்ல கொஞ்சம் மூச்சு வாங்கிச்சாம். ஆஸ்பத்திரில காட்டி இட்டாந்துட்டேன். இப்ப சரியாப் பூட்ச்சு."

அவள் குரல் சாதாரணமாகத்தான் இருந்தது. நான்தான் கணக்குப் போட ஆரம்பித்தேன். இந்த நேரம் பார்த்து மூச்சு வாங்கிவிட்டதே, சேகருக்குத் தெரிந்தால் நாளைக்கே மூட்டை கட்டச் சொல்வானே என்று. குழந்தை படுத்திருக்கிறாள், என் புத்தி தக்காளியில் இருந்தது. இதை எழுதவே வெட்கமாக இருக்கிறது.

அந்தக் காய் உடனே பழுக்க வேண்டும். வேறு எதுவும் எனக்குத் தோன்றவில்லை. நேரே அஞ்சலை கடைக்குப் போனேன். கடையில் அவள் இல்லை. பின்னால் என் பச்சை பக்கெட் வழக்கமான இடத்தில் நிரம்பி இருந்தது. தூக்கிக்கொண்டு வந்துவிட்டேன். நாற்றம் தாங்காது என்பதால் முந்தானையை மூக்கைச் சுற்றிக் கட்டிக்கொண்டு மாடி ஏறினேன். பத்துப் பங்கு தண்ணீரும் கலக்கவில்லை. கெட்டியாகப் போனால் சீக்கிரம் பழுக்கும் என்று முட்டாள்தனமான நினைப்பு. ஏழு டிரம்முக்கும் சொம்பு சொம்பாக ஊற்றினேன்.

மறுநாள் ஆபீசுக்குப் போகும்போது அஞ்சலை வழி மறித்தாள்.

"போஸ்டாபீஸம்மா, பின்னால ஒரு பக்கெட்டு வச்சிருந்தேனே, நீயா எட்துக்கினு போன?"

"என் பக்கெட்டுதானே அஞ்சல?"

"பக்கெட்டு உன்துதான். தடக்காலம் வந்துட்ச்சே, போட்டு போவல, மீனுக்கு எங்க போவேன்? கருவாடு போட்னு கீறேன். உப்புத் தொட்டில வடிச்ச தண்ணிய அதுல புடிச்சி வச்சேன். செடிக்கு கிடிக்கு ஊத்தித் தொலைக்கலியே?"

சித்திரை பிறந்தால் விசைப்படகுகள் கடலுக்குப் போகாது. இந்த ஊரில் பிறந்த குழந்தைக்குக்கூடத் தெரியும். எனக்குத் தெரியாதா? தெரியும். அந்த ஒரு சாயங்காலம் தெரியவில்லை.

"இல்ல, கொட்டிட்டேன்" என்றேன். அது முதல் பொய்.

ஆபீசுக்குப் போகவில்லை. திரும்பி ஓடிவந்து, கஸ்தூரி தீபுவைக் கூட்டிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு மறுபடி காட்டப் போயிருந்த நேரத்தில், குடிக்க வைத்திருந்த லாரித் தண்ணீர் இரண்டு டிரம்மையும் செடிகளில் கொட்டினேன். மண்ணை ஒரு சிட்டிகை எடுத்து நாக்கில் வைத்தேன். கரித்தது.

இலை கருகிய வாரம்

இரண்டாம் நாள் இலை ஓரமெல்லாம் பழுப்பாயிற்று. மூன்றாம் நாள் சுருண்டது. அந்த வாரம் முடிவதற்குள் ஏழு டிரம்மிலும் தண்டு தொங்கிவிட்டது. பெரிய காய் அதே வெளிர்ப் பச்சையில் சுருங்கிக் கீழே விழுந்து கிடந்தது.

தெருவே வந்து பார்த்துவிட்டுப் போனது. "கேஸ் உட்ருப்பானுங்க. எங்க வூட்டு முருங்ககூட ஒரு மாதிரியாதான் கீது" என்றார்கள். சேகர் ஒரு கருகிய இலையைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். "நான் சொன்னேன்ல" என்று மட்டும் சொன்னான். அதில் ஜெயித்த சந்தோஷம் இல்லை. எல்லோரும் காற்றைத் திட்டினார்கள். நான் வாயே திறக்கவில்லை. எங்கள் பக்கத்துக் காற்று செய்யாத பாவம் கொஞ்சமா, இதையும் அதன் தலையில் போட்டுவிட்டேன்.

என் வீட்டுக்காரர் மட்டும், "குடிக்க வச்ச தண்ணி எங்க மல்லி?" என்று என்னைக் கேட்டார். டிரம்மில் எலி விழுந்துவிட்டது, கொட்டிவிட்டேன் என்றேன். அது இரண்டாவது பொய்.

கஸ்தூரி அழவில்லை, யாரையும் திட்டவில்லை. செடிகளைப் பிடுங்கி ஒரு சாக்கில் கட்டி வைத்தாள். ஏனோ என் முகத்தைப் பார்க்கவில்லை. துக்கம் என்று நினைத்துக்கொண்டேன்.

வைகாசியில் போனார்கள். மினி லாரியில் பீரோ, கட்டில், தீபுவின் சைக்கிள். கஸ்தூரி என்னைக் கட்டிக்கொண்டு, "வரேன்க்கா" என்றாள். எனக்கு வாயில் வந்தது. சொல்லிவிடலாம், நான்தான்டி கொன்னேன், பந்தயம் செல்லாது, இறங்கு என்று சொல்லிவிடலாம். டிரைவர் ஹாரன் அடித்தான். நான் சொல்லவில்லை.

திருநின்றவூர் ஒன்றும் டில்லி இல்லை. இரண்டு ரயில் மாறினால் போய்விடலாம். ஆனால் போக முடியவில்லை. ஆரம்பத்தில் போனேன். சாப்பிட்டதும் கிளம்பிவிடுவேன். அவளும் இருக்கச் சொல்ல மாட்டாள். பிறகு கல்யாணம், காரியம் என்று மண்டபங்களில் பார்த்துக்கொண்டோம். நல்லா இருக்கியா, நல்லா இருக்கேன். எட்டு வருஷம் வாய் ஓயாமல் பேசியவர்கள் ஒரு தட்டில் சாப்பிடும் தூரத்தில் உட்கார்ந்து சாம்பாரைப் பற்றிப் பேசினோம்.

பத்துப் பன்னிரண்டு வருஷம் இப்படிப் போய்விட்டது. சாயங்காலம் மாடிக்குப் போனால் இன்னும் இரண்டு பேருக்கு இடம் விட்டுத்தான் உட்காருவேன். அவள் இல்லாதது எனக்குப் பழகவே இல்லை. ஒரே ஒரு ஆறுதல் இருந்தது. அவள் போக நினைக்கவில்லை, என்னோடு இருக்கத்தான் நினைத்தாள், நான்தான் கெடுத்தேன். குற்றம் என்னுடையது என்றாலும் அந்த ஆசை அவளுடையது. அதைத் திரும்பத் திரும்ப நினைத்துக்கொள்வேன்.

இந்த மாசி

இந்த மாசியில் என் வீட்டுக்காரருக்குக் கண் ஆபரேஷன். கஸ்தூரியும் தீபுவும் பார்க்க வந்தார்கள். சேகருக்கு ஷிஃப்ட். இரண்டு நாள் தங்குவதாக ஏற்பாடு. தீபு இப்போது கல்லூரியில் படிக்கிறாள், என்னைவிட உயரம். வந்ததும், "பெரிம்மா, நீ குள்ளமாய்ட்ட" என்று என் தலையில் கை வைத்தாள்.

சாப்பாட்டுக்குப் பிறகு கஸ்தூரி தானாக மாடிக்குப் போனாள். பின்னாலேயே போனேன். ரிடையர் ஆன பிறகு நானும் நாலு தொட்டி வைத்திருக்கிறேன். கத்தரி, வெண்டை, மிளகாய். அவள் ஒவ்வொன்றாகப் பார்த்தாள். ஒரு கத்தரி இலையை உள்ளங்கையில் ஏந்தி விரலால் துடைத்தாள்.

"தக்காளி வெக்கலியாக்கா?"

அந்தக் கேள்விக்கு அப்புறம் என்னால் தாங்க முடியவில்லை. நின்ற இடத்திலேயே எல்லாவற்றையும் சொன்னேன். பக்கெட், உப்புத் தண்ணீர், அஞ்சலை, லாரித் தண்ணீரைக் கொட்டியது, எலி விழுந்த கதை வரைக்கும். "காத்து இல்லடி. நான்தான். உன் செடிய நான்தான் சாவடிச்சேன்" என்றேன்.

அவள் இலையிலிருந்து கையை எடுக்கவில்லை.

"தெரியும்க்கா."

"இன்னா தெரியும்?"

"கருவாட்டு வாட வந்துச்சி. படில நின்னுக்கினு இருந்தேன். நீ மூக்க கட்டிக்கினு மொத டிரம்முக்கு ஊத்திக்கினு இருந்த. இன்னும் ஆறு பாக்கி. அக்கா நில்லுன்னு ஒரு வார்த்த சொல்லி இருந்தா நிறுத்தி இருப்ப. சொல்லல."

சுவரைப் பிடித்துக்கொண்டேன்.

"ஏன்டி?"

"அன்னிக்கி கொஞ்சம் மூச்சு வாங்கிச்சுன்னு உன்னாண்ட சொன்னேன். கொஞ்சம் இல்லக்கா. ஸ்கூல்லருந்து தூக்கிக்கினு ஓடும்போது புள்ளைக்கி உதடு நீலமாப் பூட்ச்சு. ஆஸ்பத்திரில மாஸ்க் மாட்டி ஒரு மணி நேரம் கழிச்சுதான் கண்ணத் தொறந்துச்சு. டாக்டரு, இந்த ஏரியாவ வுட்டுப் போயிடும்மான்னாரு. அங்கயே முடிவு பண்ணிட்டேன்."

"அப்ப சொல்லி இருக்கலாமே."

"அவராண்ட தோத்துட்டேன்னு சொல்லிக்கலாம்க்கா. உன்ன வுட்டுட்டுப் போறேன்னு எந்த வாயால சொல்றது? பெரிய காயி வேற பழுக்க வந்துட்ச்சு. நீ வந்து வந்து எண்ணிக்கினு கீற. என்னா பண்றதுன்னு தெரியாமதான் மாடிப்படி ஏறுனேன். நீயே ஊத்திக்கினு இருந்த." முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். "நீ அப்பால எத்தினி வருசம் உள்ளுக்குள்ளயே வச்சிக்கினு கஸ்டப்பட்டன்னு எனக்குத் தெரியும். தெரிஞ்சிக்கினே சும்மா இருந்தேன். உன் மூஞ்சப் பாக்க முடியாமதான் நான் வரல."

பன்னிரண்டு வருஷம் நான் அவள் முகத்தைப் பார்க்க முடியாமல் இருந்தேன். அவள் என் முகத்தைப் பார்க்க முடியாமல் இருந்திருக்கிறாள். இரண்டு பைத்தியங்கள்.

கோபம் வரும் என்று நினைத்தேன். வரவில்லை. வேறொன்று வந்தது. அவள் இருக்கத்தான் நினைத்தாள் என்று நான் கட்டிக்கொண்டிருந்த அந்த ஒரு ஆறுதலும் போய்விட்டது. அவள் போக முடிவு செய்தபிறகுதான் நான் ஊற்றியிருக்கிறேன். நான் ஊற்றாவிட்டாலும் போயிருப்பாள். அது எனக்கு வலித்தது, பொய் சொல்ல மாட்டேன். குற்றவாளியாக இருந்தபோதுகூட இவ்வளவு தனியாக இருந்ததில்லை.

"சரியாத்தான் செஞ்ச" என்றேன். சொல்லிவிட்டேன். அவள் என் தோளில் முகத்தை வைத்து அழுதாள். நானும் அழுதேன். பேசாமல் போன பன்னிரண்டு வருஷப் பேச்சையும் ஒரே மூச்சில் பேச வேண்டும் போல இருந்தது. இரண்டு நாள் இருக்கிறது, மெதுவாகப் பேசிக்கொள்ளலாம் என்று நினைத்தேன்.

அப்போது கீழே தீபு இருமினாள்.

சின்ன இருமல்தான். கொஞ்சம் விட்டு இன்னொன்று. கஸ்தூரி அழுகையை நிறுத்திவிட்டாள். தலை படிப் பக்கம் திரும்பிவிட்டது. என் கையை மட்டும் விடவில்லை. நான் காற்றை மோந்து பார்த்தேன். அந்த நாற்றம் வர ஆரம்பித்திருந்தது.

கீழே இறங்கினோம். தீபு ஜன்னல் ஓரம் கைக்குட்டையை மூக்கில் வைத்துக்கொண்டு, "ஒண்ணும் இல்ல பெரிம்மா, தொண்ட காறுது, அவ்ளோதான்" என்றாள். நெஞ்சில் காது வைத்துப் பார்க்க வேண்டும் போல இருந்தது. இவ்வளவு பெரிய பெண்ணிடம் எப்படி வைப்பது.

"கஸ்தூரி, கெளம்பு" என்றேன்.

"ரெண்டு நாள் இருக்கேன்னு சொல்லிட்டு வந்தேனேக்கா. ஒரு நாளாவது..."

"இந்தக் காத்து வெடிய வெடிய இருக்கும். அவள இட்டுக்கினு கெளம்பு."

அவள் என்னையே பார்த்தாள். நான் பார்வையைத் திருப்பவில்லை. தெருமுனைக்குப் போய் நானே ஆட்டோவை நிறுத்தினேன். கட்டில்மேல் இன்னும் பிரிக்காமல் இருந்த அவள் பையை நானே தூக்கிக்கொண்டு போய் உள்ளே வைத்தேன். தீபுவை ஏற்றினேன், இரண்டு பக்கமும் தார்ப்பாயை இறக்கி விட்டேன். "சீக்கிரம் போப்பா" என்று டிரைவரிடம் சொன்னேன்.